சோடா மூடிக்குக் குளித்தவர்கள்

எங்கள் தெருவுக்கு இரண்டு கடல்கள் இருந்தன. ஒன்று கிழக்கே, ஊருக்கெல்லாம் பொதுவாகக் கிடந்தது. மற்றது பருத்திக் கிட்டங்கியின் முற்றத்தில், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு எங்களுக்கு மட்டும் வந்து சேர்ந்தது.

பருத்தி மூட்டை அடுக்கிய அந்தக் கிடங்கு பூட்டிக் கிடந்து வெகு காலம் ஆகியிருந்தது. வண்டிகள் வந்து திரும்புவதற்காக முன்னால் போட்ட சிமெண்டுத் தளம் மட்டும் கெடாமல் இருந்தது. தூத்துக்குடியில் நாங்கள் இருந்த பக்கமெல்லாம் மணல். மணலில் கோடு நிற்காது. நாங்கள் ஆடிய விளையாட்டுக்குக் கோடு நிற்க வேண்டும். இன்றைக்கு நான் பார்ப்பது வரைபடம் போடுகிற வேலை. வழுவழுப்பான தாளில் முதல் கோட்டை இழுக்கும்போது கைக்கு இன்னும் ஏதோ குறைகிறது. அந்தத் தளத்தின் சொரசொரப்பாக இருக்கலாம்.

விளையாட்டின் பெயர் குளி. எல்லா ஊரிலும் பெண்பிள்ளைகள் ஆடுகிற பாண்டிதான் அடிப்படை. ஆனால் எங்கள் தெருவில் பாதி வீடுகள் சங்கு குளிக்கிற வீடுகள். முத்துக் குளிப்பு நாங்கள் பிறப்பதற்கு முன்பே நின்றுவிட்டது. சங்குக் குளிப்பு இருந்தது. அதனால் பாண்டிக்குள் கடல் புகுந்துவிட்டது.

முதலில் வள்ளம் வரைய வேண்டும். இரண்டு பக்கமும் கூராக, மூன்று பேர் நிற்கிற அளவுக்கு. அதன் பக்கவாட்டிலிருந்து நேராக ஏழு கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு பாகம், அதாவது ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்தால் வருகிற ஆழம். கோடுகள் பார், கடலுக்கடியில் கிடக்கிற பாறை. சாக்பீஸை வாத்தியார் வீட்டுப் பையன் கொண்டு வருவான். அவனிடம் தீர்ந்துவிட்டால் சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போகிற வண்டிகளிலிருந்து சிந்திய முருகைக் கல் துண்டுகளைப் பொறுக்குவோம். தீவுப் பக்கம் கடலுக்கடியில் வெட்டி எடுத்த பவளப்பாறைக் கல். அதால் வரைந்த கோடு சாக்பீஸ் கோட்டைவிட வெள்ளையாக இருக்கும், மழை பெய்தாலும் லேசில் போகாது. கடலை வரையக் கடலிலிருந்தே கல் வருவதில் எங்களுக்கு ஆச்சரியம் எதுவும் இருக்கவில்லை.

சங்குகளுக்குப் பதில் சோடா மூடிகள். தெரு முனையில் கலர் கடை வைத்திருந்த அண்ணாச்சியின் மகள் என் வகுப்புத் தோழி. அண்ணாச்சி சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். கலர் பாட்டில்களைத் திறந்து அவர் வீசியெறிகிற மூடிகளை அவள் பாவாடையில் அள்ளி வருவாள். உள்ளேயிருக்கிற தக்கையைச் சுரண்டி எடுத்துவிட்டால் மூடி தளத்தில் விழும்போது நல்ல சத்தம் வரும். துரு ஏறியது சின்னச் சங்கு, மஞ்சள் நிறத்தது பெரிய சங்கு. வலம்புரி ஒன்றே ஒன்று. வெளிநாட்டுக் கப்பல்காரன் யாரோ குடித்துப்போட்ட பாட்டிலின் பச்சை மூடி, நடுவில் எங்களில் எவருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. அதை எப்போதும் ஏழாம் பாகத்தில்தான் வைப்போம்.

குளிக்கிறவர் இடுப்பில் கயிறு கட்டியிருக்கும். ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு ஆழத்துக்குப் போக வேண்டும். வாயை மூடிக்கொண்டு "ம்ம்" என்று விடாமல் முனகிக்கொண்டே போக வேண்டும். முனகல் அறுந்தால் மூச்சு அறுந்தது. உடனே எல்லாரும் "தண்ணி குடிச்சிட்டா!" என்று கத்துவார்கள். கண்ணைப் பாதி மூடியிருக்க வேண்டும், ஏனென்றால் அடியில் யாருக்கும் சரியாகத் தெரியாது என்று கடலில் குளிக்கிற குளியாளிகளின் வீட்டுப் பிள்ளைகளான நாங்கள் சொல்லியிருந்தோம். மூடிகளைக் குனிந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் வள்ளத்தில் நிற்பவர் இழுப்பார். முனகல் அறாமல் வள்ளத்துக்குள் வந்துவிட்டால் மடியில் இருப்பதெல்லாம் நமக்கு.

ஒரு விதியை மட்டும் நாங்கள் உண்டாக்கவில்லை. அது பெரியவர்களின் கடலிலிருந்து அப்படியே வந்தது. கயிறு பிடிக்கிறவர் குளிக்கிறவரின் மச்சானாக இருக்க வேண்டும். மனைவியோடு உடன்பிறந்தவன். அடியில் இருப்பவனின் உயிர் மேலே நிற்பவன் கையில் இருக்கிறது. தன் அக்காளையோ தங்கையையோ தாலியில்லாமல் பார்க்க எவனுக்கும் மனம் வராது என்பதுதான் அதிலுள்ள கணக்கு. எங்கள் விளையாட்டில் இந்த விதிக்காகத் தினமும் கல்யாணங்கள் நடந்தன. அண்ணாச்சி மகளுக்கு ஒரு தங்கை இருந்தாள், இன்னும் பல் முளைக்காத குழந்தை. அந்தக் குழந்தையை ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்று பார்க்காமல் நாங்கள் எல்லாருமே கட்டியிருந்தோம். அதனால் அண்ணாச்சி மகள் எங்கள் எல்லாருக்கும் மச்சான். அவள் கையில் கயிறு இருந்தால் எனக்குப் பயம் இருக்காது. முனகல் மெலிகிற நேரம் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் அப்பாதான் குளியாளி. அவர் கயிற்றைப் பிடித்தவர் மாமா, அம்மாவின் தம்பி. மாமா கட்டியிருந்தது அப்பாவின் தங்கையை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம், ஒரே தெரு, மூன்று வீடு தள்ளி. இரண்டு வீட்டுக்கும் ஒரே உரல். மாமா எங்கள் வீட்டுக்குள் வரும்போது குரல் கொடுத்ததே கிடையாது. நேராக அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பார்.

நான் சொல்லுகிற வருஷம், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்குவதற்குச் சில நாள் முன்னால், அந்த வரத்து நின்றுபோனது. அன்று வள்ளத்தில் நடந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் கூடப் போனவர்கள் தெருவில் நடித்தே காட்டியதால் எனக்கு மனப்பாடம். அப்பா அடியில் இருந்தார். அவர் கயிற்றைச் சுண்டவில்லை. மாமா இழுத்துவிட்டார். மேலே வந்த அப்பா பாதி மாலோடு, சங்கு போடுகிற அந்த வலைப்பையோடு, மறுபடி இறங்கினார். மாமா மறுபடியும் சுண்டுவதற்கு முன்பே இழுத்தார். அப்போது அப்பா வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலிருந்தே கத்தியிருக்கிறார்.

"யாருல இழுக்கச் சொன்னா? சுண்டுனேனா நானு?"

மாமா, "ஒங்களுக்கு மூச்சு கொறஞ்சிட்டு அத்தான்" என்றிருக்கிறார். அதையும் நாலு பேர் முன்னால்.

குளியாளியிடம் அப்படிச் சொல்லக்கூடாது. கொத்தனாரிடம் சுவர் கோணல் என்று சொல்லலாம், தையற்காரரிடம் சட்டை பிடிக்கிறது என்று சொல்லலாம். குளியாளியிடம் மூச்சைப் பற்றி மட்டும் பேசக்கூடாது. அப்பா அதன்பிறகு மாமாவோடு பேசவில்லை. கச்சான் மாதங்களில் கடல் கலங்கி இருக்கும், குளிப்பு கிடையாது. அந்த மாதங்கள் முழுக்க அவர்கள் தெருவின் இரண்டு ஓரமாக நடந்து போனார்கள். அம்மாவும் அத்தையும் மட்டும் உரலில் மாறி மாறி இடித்துக்கொண்டு, தங்கள் புருஷன்மார் வேறு ஊர்க்காரர்கள் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள்.

காற்று அடங்கியது. தண்ணீர் தெளிந்துவிட்டது என்று கரைக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள். திங்கட்கிழமை குளிப்பு தொடங்குவதாக இருந்தது. அப்பா பெரியதாழையிலிருந்து ஒருவரைக் கயிறு பிடிக்க ஏற்பாடு செய்திருந்தார்.

சனிக்கிழமை அம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "பெரியதாழக்காரரு நல்ல மனுசந்தான். கைப்பலமும் இருக்கு. ஆனா அவருக்கு நம்ம வீட்ல என்ன இருக்கு?"

"நான் சுண்டுனா இழுப்பாரு. சுண்டலன்னா இழுக்க மாட்டாரு. எனக்கு அதான் வேணும்" என்றார் அப்பா.

 அம்மா அவர் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தாள். சோறு மிதக்கிற வரைக்கும் ஊற்றினாள். அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்பது எனக்குத் தெரியும். அப்பா சுண்டாமலே அடியில் இருந்துவிட்டால், யாருக்குத் தெரியும்? அதை நினைத்தபோது எனக்கும் பயமாக இருந்தது. ஆனால் ஒன்பது வயதில் பயம் வெகுநேரம் நிற்காது. எனக்கு இன்னொரு கவலை இருந்தது. அண்ணாச்சி குடும்பத்தோடு தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் போய்விட்டார். கடை பூட்டி, கடைக்குள் எங்கள் விளையாட்டுக் கயிறு. மச்சானும் இல்லை, மச்சான் கொடுத்த பெண்ணும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முழுவதும் கடல் சும்மா கிடக்கப் போகிறது.

கோவிலில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்து வந்ததும் அம்மாவிடம் கேட்டேன்.

"யம்மா, ஒரு கயிறு தாயேன். கிட்டங்கில வெளையாடணும்."

வழக்கமாக அம்மா இதற்கெல்லாம் திட்டுவாள். பெண்பிள்ளை நொண்டி நொண்டிக் கால் கோணிப் போகும் என்பாள். அன்று அவள் திட்டவில்லை. முக்காலியைப் போட்டு ஏறி, உத்திரத்தில் சுருட்டித் தொங்கிய அப்பாவின் கயிற்றை எடுத்தாள். மறுநாள் கடலுக்குப் போக வேண்டிய கயிறு. அதில் எண்ணெய்க்கை வைத்தாலே அப்பா கோபிப்பார்.

"இந்தா. ஒனக்கு முடிச்சுப் போடத் தெரியாது. ஒங்க மாமா கட மேசையிலதான் ஒக்காந்துருப்பான். கட்டிவிடச் சொல்லு. அப்படியே புடிக்கவும் சொல்லு."

"அப்பா ஏசுவாங்களே?"

"நான் பாத்துக்கிடுதேன். ஓடு."

மாமா பூட்டிய கலர் கடையின் மேசையில் தனியாக உட்கார்ந்து, காலாட்டிக்கொண்டிருந்தார். கயிற்றைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

"ஏளா, இத யாரு எடுத்துக் குடுத்தா?"

"அம்மா. ஒங்களப் புடிக்கச் சொன்னாங்க."

மாமா கயிற்றின் முனையை விரலால் திருகிப் பார்த்தார். எங்கோ ஒரு பிரி விட்டிருந்ததைப் பல்லால் கடித்து எடுத்தார். "ஒங்கப்பனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சரிதான். எங்கக்கா ஒரு முடிவோடதான் இருக்கா" என்று சொல்லி எழுந்து வந்தார். என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை. மச்சான் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் முன்னால் ஓடினேன்.

கிட்டங்கி முற்றத்தில் வாத்தியார் வீட்டுப் பையன் கோடுகளைப் புதுப்பித்துக்கொண்டிருந்தான். எங்களில் அவனுக்குத்தான் விதிகளில் பக்தி அதிகம். மாமா வள்ளத்துக்குள் கால் வைத்ததும் எழுந்து நின்றான்.

"நீங்க புடிக்கக் கூடாது."

"ஏம்ல?"

"நீங்க இவளுக்கு மாமா. மச்சான்தான் புடிக்கணும். மொறை இல்ல."

மாமா சிரிக்கவில்லை. கோவில் கமிட்டிக்காரரிடம் பேசுவது போல மரியாதையாகப் பேசினார். "தம்பி சொல்லுதது சரிதான். ஆனா நான் இவ அப்பனுக்கு மச்சான்லா? அதுக்கு என்ன சொல்லுதிய?"

பையன் சாக்பீஸைக் காதில் சொருகிக்கொண்டு யோசித்தான். மற்ற பிள்ளைகள் அவன் முகத்தையே பார்த்தோம். கடைசியில் தீர்ப்பு வந்தது. "அப்போ இவ இவ அப்பாவா குளிக்கட்டும்."

இப்படித்தான் நான் அப்பா ஆனேன். அப்பா இறங்குவதற்கு முன் செய்வதையெல்லாம் செய்தேன். நெற்றியில் சிலுவை போட்டேன். கையில் துப்பித் தேய்த்துக்கொண்டேன். வலது பக்கமாகக் கழுத்தை ஒரு வெட்டு வெட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். மாமா கயிற்றை என் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். அது விளையாட்டு முடிச்சாக இல்லை. இறுகவும் இல்லை, வழுக்கவும் இல்லை. யாரோ இடுப்பைக் கையால் பிடித்திருப்பது போல இருந்தது.

மூச்சை இழுத்துக்கொண்டு முனகத் தொடங்கினேன்.

ஒன்று, இரண்டு பாகம் வரைக்கும் சிமெண்டுதான். மூன்றாவதில் எப்போதும் ஏதோ நடக்கும். பாதி மூடிய கண்ணில் சாயங்கால வெயில் இமை மயிருக்கிடையில் சிக்கிப் பச்சையாகவும் மஞ்சளாகவும் உடையும். கோடுகள் அசையும். என் முனகலே காதுக்குள் நிறைந்து வெளிச்சத்தங்களை மூடிவிடும். பிள்ளைகள் கரையில் எங்கோ தூரத்தில் நிற்பார்கள். உப்புக் காற்று கன்னத்தில் படும்போது அது காற்று இல்லை, நீரோட்டம். நான் நொண்டவில்லை, இறங்கிக்கொண்டிருந்தேன். நான்காம் பாகத்தில் ஒரு மஞ்சள் மூடி. ஐந்தில் இரண்டு. குனிந்தபோது என் கை பெரிதாக, கறுப்பாக, சங்கு கீறிய தழும்புகளோடு அப்பாவின் கையாகத் தெரிந்தது. ஆறாம் பாகம் குளிர்ந்திருந்தது. கிட்டங்கிச் சுவரின் நிழல் அதுவரை நீண்டிருக்க வேண்டும். அந்த நிழலுக்கப்பால், ஏழாவது கட்டத்தின் நடுவில் பச்சை மூடி மினுங்கிக்கொண்டு கிடந்தது. எனக்கு மூச்சு இருந்தது. நன்றாகவே இருந்தது. கையை நீட்டினேன்.

இடுப்பில் இழுவை விழுந்தது.

நான் சுண்டவில்லை. விரல் மூடிக்கு மேலே காற்றைப் பிடித்தது. பின்பக்கமாக இழுபட்டு வந்து வள்ளத்துக்குள் விழுந்தேன். எனக்கு அழுகை வந்தது. ஆனால் நான் அப்பாவாக இருந்தேன், அப்பா அழமாட்டார். அதனால் அப்பா என்ன கத்தினாரோ அதையே கத்தினேன்.

"யாருல இழுக்கச் சொன்னா? சுண்டுனேனா நானு?"

பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள். தெருவுக்கே தெரிந்த வசனம் அது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் சின்னப்பிள்ளையாக இல்லை.

"நீங்க சுண்டுத வரைக்கும் நான் எப்படி அத்தான் நிக்க?" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. "கயிறு நடுங்குது. மேல நிக்க எனக்குத் தெரியுது, கீழ இருக்க ஒங்களுக்குத் தெரியல. நாலு பேரு முன்னால சொன்னது தப்புதான். செருப்பால அடிங்க. இழுத்தது தப்பில்ல. எங்கக்கா மூஞ்சில நான் முழிக்கணும்லா?"

பிள்ளைகளின் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது.  இதற்கு மேல் அப்பா வள்ளத்தில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அதனால் என்னிடம் வசனம் இல்லை.

அப்போதுதான் எல்லாரும் என் தலைக்குப் பின்னால் பார்ப்பதைக் கவனித்தேன். கிட்டங்கி வாசல் தூண் பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். உத்திரத்தில் கயிற்றைக் காணாமல் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். பிள்ளைகள் கிட்டங்கியில் வைத்து விளையாடுகிறார்கள், போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அடி விழும் என்று நினைத்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். மாமாவின் முடிச்சு எனக்கு அவிழவில்லை.

அப்பா மெதுவாக நடந்து வந்தார். கோட்டை மிதிக்காமல் சுற்றி வந்ததை நான் கவனித்தேன்.

"அவளுக்கு மூச்சு இருந்துச்சுல" என்றார், மாமாவைப் பார்க்காமல். அத்தனை மாதத்துக்குப் பிறகு மாமாவிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை.

"அவளுக்கு இருந்துச்சு" என்றார் மாமா.

அப்பா ஏழு கட்டங்களையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து என் இடுப்பு முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்துக் கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டார். முனையை மாமாவின் பக்கம் போட்டார்.

"புடி."

எங்களுக்கு வந்த உற்சாகத்தைச் சொல்லி முடியாது. உண்மையான குளியாளி ஒருவர் எங்கள் கடலில் இறங்குகிறார். வாத்தியார் வீட்டுப் பையன் கைகட்டி நின்று விதிகளை ஒப்பித்தான். "ஒத்தக் கால்ல போகணும். கண்ணு பாதி மூடணும். முனகல் அறுந்தா அவுட்டு."

"ஒத்தக் கால்லயா?" என்றார் அப்பா.

"கோட்ட மிதிச்சா பார்ல கால் கிழிஞ்சதாக் கணக்கு."

"அது சரி. பார்னா கிழிக்கத்தான் செய்யும்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

அவர் நெற்றியில் சிலுவை போடவில்லை, கையில் துப்பவில்லை. மூச்சை மட்டும் இழுத்தார். அப்பாவின் முனகல் எங்களுடையது மாதிரி இல்லை. அடித்தொண்டையிலிருந்து, தூரத்தில் கப்பல் ஊதுவது போல வந்தது. அவ்வளவு பெரிய ஆள் ஒற்றைக் காலில் நொண்டியபோது தளம் அதிர்ந்து மூடிகள் கிணுகிணுத்தன. ஒன்று. இரண்டு. மூன்றாம் பாகத்தில் ஒரு துரு மூடியை எடுத்தார். நான்கில் நின்று ஒரு தடவை ஆடினார். மாமா இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அதையே பார்த்தபடி நின்றார். அப்பாவை அவர் பார்க்கவே இல்லை.

ஐந்தாம் பாகத்தில் முனகல் மெலிந்தது. கீறல் விழுந்தது. அறுந்தது.

"தண்ணி குடிச்சிட்டாரு! தண்ணி குடிச்சிட்டாரு!" முற்றமே கத்தியது. நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினேன். மாமா கயிற்றை இழுக்கவில்லை. அதை விட்டுவிட்டு, கோடுகளையெல்லாம் மிதித்துக்கொண்டு ஓடினார். அப்பா இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு குனிந்து நின்றார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நாங்கள் இன்னும் சிரித்தோம். மாமா அவர் முதுகில் கை வைத்துத் தேய்த்துக்கொண்டே கிட்டங்கிப் படிக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தார்.

வெகுநேரம் இருவரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் கோடுகளை மறுபடி போட்டோம். மாமா கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனபோது அப்பா பேசிக்கொண்டிருந்தார்.

"ஏலே, நாளைக்கு நீ குளி. நான் புடிக்கேன்."

"பெரியதாழக்காரருக்குச் சொல்லியாச்சே?"

"அவரு வள்ளம் தள்ளட்டும்."

"எனக்கு ஒங்க அளவுக்கு மூச்சு கெடையாது அத்தான்."

"தெரியும்ல. அதான் நான் புடிக்கேங்கேன்." அப்பா எழுந்து வேட்டியைத் தட்டினார். வாத்தியார் வீட்டுப் பையனைப் பார்த்து, "தம்பி, எந் தங்கச்சி இவன் வீட்லதான் இருக்கா. நான் இவனுக்குக் கயிறு புடிக்கலாமா?" என்று கேட்டார்.

பையன் விரல் விட்டு முறையைக் கூட்டிப் பார்த்தான். "புடிக்கலாம். மொறை சரிதான்" என்றான்.

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். "யம்மா, அப்பா கிட்டங்கில குளிச்சாங்க! அஞ்சாம் பாகத்துலயே தண்ணி குடிச்சிட்டாங்க!" அம்மா "அப்படியா" என்றாள். யார் ஜெயித்தது என்று கேட்கவில்லை. கொல்லைப்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். அந்த நேரத்தில் அவள் முகம் கழுவுகிற வழக்கம் இல்லை.

மறுநாள் மாமா தலை நனைந்து வந்தார், அப்பா தலை நனையாமல் வந்தார். கரையிலிருந்து வருகிற அப்பாவின் தலைமயிர் காய்ந்து காற்றில் பறந்ததை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. சண்டையில் மாமா ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் மாமா நேராக அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்தபோது, அப்பா வாசலிலிருந்தே "எனக்கும் ரெண்டு துண்டு மிச்சம் வைல" என்று சத்தம் போட்டார். ஜெயித்தவரும் தோற்றவரும் இப்படிப் பேசிக்கொள்வார்களா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

அந்தக் குளிப்புக் காலம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து அப்பாவைக் கூப்பிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வந்தார். மாமா கயிறு பிடித்தார். அப்பா ஐந்தாம் பாகத்தில் தண்ணீர் குடித்தார். கொஞ்ச நாளில் நான்காம் பாகத்திலேயே குடித்தார். ஒவ்வொரு தடவையும் முழங்காலில் கை ஊன்றி, தோள் குலுங்க, கண் சிவந்து நீர் வழிய நின்றார். நாங்கள் கத்தினோம், கைதட்டினோம். குலசேகரன்பட்டினத்திலிருந்து திரும்பி வந்த அண்ணாச்சி மகள், தசராவில் வேஷம் கட்டியவர்களை ஒவ்வொருவராகச் சொல்லிப் பெருமைப்பட்டாள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. பிள்ளைகள் ஜெயிக்கட்டும் என்பதற்காக எங்கப்பா மூச்சு முட்டுகிற மாதிரி நடிப்பார், அத்தனை தத்ரூபமாக நடிக்க இந்த ஊரிலேயே வேறு யாருக்கும் வராது என்று அவளிடம் சொன்னேன்.